சமையலறைக்கு ரேடியோ வாங்கப் போகிறீர்களா? முதலில் இடத்தைப் பாருங்கள்

செய்தி வாசிக்கிறவர் ஒரு எண்ணைச் சொல்கிறார். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. சொன்னது எட்டா, பத்தா? ஈரக் கையோடு குழாயை மூடுவதற்குள் அவர் அடுத்த செய்திக்குப் போய்விட்டார். சமையலறையில் ரேடியோ கேட்கிற எல்லோருக்கும் பழகிப்போன எரிச்சல் இது. குழாயைக் குறை சொல்லிப் பயனில்லை. பாதிக் காரணம் ரேடியோவில் இருக்கிறது, மீதி அதை வைத்திருக்கும் இடத்தில் இருக்கிறது.

படுக்கையறையில் அருமையாக ஒலிக்கும் ஒரு ரேடியோ சமையலறைக்கு வந்ததும் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே எப்போதும் ஏதோ ஒரு சத்தம். சுவரெல்லாம் டைல்ஸ். காற்றில் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும். கை பெரும்பாலும் ஈரம். என் சமையலறையில் இதுவரை நான்கு ரேடியோக்கள் இருந்திருக்கின்றன. அவற்றில் இரண்டு தவறான தேர்வு. அந்தத் தவறுகளில் கற்றதையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள், ஏனென்றால் முதல் படியில் எடுக்கும் முடிவு மற்றதையெல்லாம் பாதிக்கும்.

படி 1: எங்கே வைப்பீர்கள்?

எந்த மாடல் என்று தேடுவதற்கு முன் சமையலறையில் போய் நில்லுங்கள். நீங்கள் அதிக நேரம் நிற்கும் இடம் எது? நறுக்கும் மேடையா, சிங்க்கா, அடுப்பா? அந்த இடத்திலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள், ரேடியோ இருக்க வேண்டும். அதே சமயம் தண்ணீர் தெறிக்கும் எல்லைக்கும் அடுப்புச் சூட்டுக்கும் வெளியே இருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தும் இடம் எந்தச் சமையலறையிலும் ஒன்றிரண்டுதான் தேறும்.

ஒரு மீட்டர் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தூரம் பாதியானால் ஸ்பீக்கரிலிருந்து நேராகக் காதுக்கு வரும் ஒலி 6 டெசிபல் (ஒலியின் வலுவை அளக்கும் அலகு) கூடும். தூரத்தைக் குறைக்காமல் வால்யூமை ஏற்றி அதே 6 டெசிபலைப் பெற வேண்டுமென்றால் நான்கு மடங்கு மின்திறன் தேவை. அதாவது, இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் ரேடியோவை ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்கு பெரிய ரேடியோவை வாங்கிய மாதிரி. இன்னொரு லாபமும் உண்டு. தூரத்தில் இருக்கும் ரேடியோவின் ஒலி டைல்ஸில் பட்டுப் பட்டு வந்து பேச்சைக் குழப்பும். பக்கத்தில் இருந்தால் நேரே வரும் ஒலி அந்த எதிரொலியை முந்திக்கொள்ளும்.

பலரும் ரேடியோவை ஃபிரிட்ஜ் மேல்தான் வைக்கிறார்கள். நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் வைத்திருந்தேன். அது நல்ல இடம் இல்லை. ஒலி தலைக்கு மேலே போகிறது. கம்ப்ரசர் ஓடும்போது ரேடியோவின் கூடு சேர்ந்து அதிர்கிறது. ஏரியலுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய இரும்புப் பெட்டி நின்று அலையைக் கலைக்கிறது. சுவர் மூலையும் அப்படித்தான்: மூலைக்குள் தள்ளி வைத்தால் தாழ்ந்த ஒலிகள் மட்டும் உப்பி, பேசுகிறவர் பானைக்குள் இருந்து பேசுவது போல் இருக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே இழுத்து வைத்தாலே தெளிவு கூடும்.

இடம் முடிவானதும் அளவு எடுங்கள். மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே எவ்வளவு உயரம்? எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதன் கால் பங்கு, அதாவது ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஏரியலை நீட்டினால்தான் அது நன்றாக வேலை செய்யும். அலமாரிக்குக் கீழே அவ்வளவு உயரம் கிடைப்பது அரிது. அடியில் மடங்கிச் சாய்ந்து சுழலும் ஏரியல் இருந்தால் பக்கவாட்டில் நீட்டிக்கொள்ளலாம். மேல் நோக்கி மட்டுமே நிற்கும் ஏரியல் என்றால் அந்த ரேடியோ உங்கள் இடத்துக்கு ஒத்துவராது.

ஒரு சின்ன யோசனை. வாங்க நினைக்கும் ரேடியோவின் அளவில் ஒரு அட்டைப்பெட்டியை அந்த இடத்தில் இரண்டு நாள் வைத்துப் பாருங்கள். கை இடிக்கிறதா, பாத்திரம் வைக்க இடம் போதவில்லையா, தண்ணீர் தெறித்து அட்டை நனைகிறதா என்பதெல்லாம் இரண்டே நாளில் தெரிந்துவிடும்.

படி 2: நீங்கள் கேட்பது எந்த அலையில் வருகிறது?

ஒரு வாரம் நீங்கள் உண்மையில் என்னென்ன கேட்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள். கேட்க ஆசைப்படுவதை எழுதாதீர்கள், கேட்பதை எழுதுங்கள். பெரும்பாலானோருக்கு இரண்டு, மூன்று ஸ்டேஷன்களில் பட்டியல் முடிந்துவிடும். அவை எந்த அலையில் கிடைக்கின்றன என்பதுதான் அடுத்த கேள்வி.

எஃப்.எம். என்றால் வேலை சுலபம். உலகின் பெரும்பகுதியில் எஃப்.எம். 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜப்பானில் 76 முதல் 95 வரை என்பதால், அந்த நாட்டுச் சந்தைக்கென்றே செய்த பழைய ரேடியோ மற்ற இடங்களில் பல ஸ்டேஷன்களைப் பிடிக்காது. சமையலறைக்கு எஃப்.எம். இயல்பாகவே பொருத்தமானது. மிக்ஸி மோட்டாரின் பொறியும் மின்னலும் அலையின் உயரத்தைத்தான் கலைக்கின்றன. எஃப்.எம். ரேடியோ உயரத்தைக் கண்டுகொள்ளாமல் அதிர்வெண்ணின் அசைவை மட்டும் படிக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் ஒழிக்க நினைத்தது இந்த இரைச்சலைத்தான்.

ஏ.எம்., அதாவது மீடியம் வேவ், சமையலறையில் மிகவும் கஷ்டப்படும். மிக்ஸி ஓடினால் கரகரப்பு. மலிவான எல்.இ.டி. பல்பும் செல்போன் சார்ஜரும்கூட ஒரு ரீங்காரத்தைச் சேர்க்கும். இண்டக்ஷன் அடுப்பு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்கிறது. அந்த அதிர்வெண்ணின் மடங்குகள் ஏ.எம். பகுதிக்குள் வந்து விழும். உங்களுக்குப் பிடித்த ஸ்டேஷன் ஏ.எம்.மில் மட்டும் வருகிறதென்றால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, ரேடியோ பேட்டரியிலும் ஓட வேண்டும்; மின்கம்பி வழியாக வரும் இரைச்சல் அதோடு நின்றுவிடும். இரண்டு, அதைத் திருப்பி வைக்க இடம் வேண்டும். ஏ.எம்.முக்கான ஏரியல் ரேடியோவுக்குள்ளேயே ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன கம்பியாகக் கிடக்கிறது, அது திசை பார்க்கும். ரேடியோவை மெல்லச் சுழற்றினால் ஒரு கோணத்தில் ஸ்டேஷன் தெளிவாகும், இன்னொரு கோணத்தில் இரைச்சல் அமுங்கும். இரண்டும் சேர்ந்து வரும் கோணத்தைக் கண்டுபிடிப்பது ஒரு நிமிட வேலை. மூன்று, வெளிநாட்டில் வாங்கியது என்றால் ஸ்டேஷன் இடைவெளியைப் பாருங்கள். அமெரிக்கக் கண்டங்களில் ஏ.எம். ஸ்டேஷன்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, மற்ற இடங்களில் 9. எண் காட்டும் ரேடியோ இதில் தவறான படியில் நின்றால் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். நல்ல ரேடியோக்களில் இதை மாற்ற வழி இருக்கும்.

டி.ஏ.பி. என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு உள்ள நாடுகளில் இருப்பவர்கள் அதைத் தவிர்க்கக் கூடாது. நார்வே 2017இல் தேசிய ஸ்டேஷன்களின் எஃப்.எம். ஒலிபரப்பையே நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்குப் போய்விட்டது. வாங்கும்போது டி.ஏ.பி. பிளஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிளஸ் உள்ளது பழைய டி.ஏ.பி.யையும் எடுக்கும், பழையது பிளஸ்ஸை எடுக்காது. டிஜிட்டலில் கரகரப்பு கிடையாது. அலை வலுவாக இருக்கும்வரை சுத்தமாக ஒலிக்கும், குறைந்தால் தண்ணீருக்குள் பேசுவது போல் குமிழ்விட்டு, அப்புறம் மௌனம். அதனால் நீங்கள் வைக்கப்போகும் அந்த இடத்தில் அலை வலுவாக இருக்கிறதா என்பது இதில் இன்னும் முக்கியம். ஒரு பக்க விஷயம்: டி.ஏ.பி. ஒலி எஃப்.எம்.மைவிடச் சில விநாடிகள் பின்னால் வரும். கூடத்தில் எஃப்.எம்., சமையலறையில் டி.ஏ.பி. என்று ஒரே ஸ்டேஷனை வைத்தால் வீடு முழுக்க எதிரொலிதான்.

வெகுதூரத்து ஸ்டேஷனோ தாய்மொழி ஒலிபரப்போ காற்றலையில் கிடைக்காதபோதுதான் இணைய ரேடியோ தேவை. அது தேவைப்படுகிறவர்களுக்கு வேறு எதுவும் ஈடாகாது. ஊரை விட்டு எங்கோ இருப்பவருக்குக் காலை வேலைக்கு நடுவே சொந்த மொழியில் ஒரு குரல் கேட்பது எவ்வளவு பெரிய துணை என்று எனக்குத் தெரியும். 128 கிலோபிட் வேகத்தில் ஒலிக்கும் ஸ்டேஷன் ஒரு மணி நேரத்துக்கு சுமார் 58 மெகாபைட் எடுக்கும், வீட்டு வைஃபைக்கு இது சுமையே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, பல வீடுகளின் வைஃபையும் புளூடூத்தும் அதே பகுதியில்தான். அடுப்பு ஓடும் இரண்டு நிமிடமும் பாட்டு விட்டு விட்டு வந்தால் காரணம் அதுதான். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையிலும் சேரும் இணைய ரேடியோவாகப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, இந்த ரேடியோக்கள் ஸ்டேஷன் பட்டியலை வெளியே ஒரு சேவையிலிருந்து எடுக்கின்றன. ரெசிவா என்ற சேவை 2021இல் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த பல ரேடியோக்கள் பழுதில்லாமலே பயனிழந்தன. ஆகவே இணைய ரேடியோவிலும் எஃப்.எம். அல்லது டி.ஏ.பி. சேர்ந்தே இருக்கட்டும்.

என் தீர்ப்பு இதுதான்: உள்ளூர் ஸ்டேஷன் போதும் என்பவருக்கு எஃப்.எம்.மும் புளூடூத்தும் உள்ள ஒன்று. டிஜிட்டல் ஒலிபரப்பு உள்ள இடத்தில் அதோடு டி.ஏ.பி. பிளஸ். பத்து அலைவரிசை பிடிக்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதற்காக எதையும் வாங்காதீர்கள்.

படி 3: சத்தத்துக்கு நடுவே பேச்சு புரிகிறதா?

ரேடியோ வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கடையில் பாட்டைப் போட்டுக் காட்டுவார்கள். தாழ்ந்த ஒலி அதிர்ந்து வரும், நன்றாக இருக்கிறது என்று வாங்கிவிடுவோம். வீட்டுக்கு வந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் அந்த அதிர்வு மட்டும் கேட்கும், சொல் கேட்காது.

ஏன் என்று புரிந்துகொள்ள நம் மொழியையே எடுத்துக்கொள்வோம். உயிரெழுத்துகளின் ஒலியில் வலு அதிகம், அது தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. ச, ட, த, ப போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் ஒலியோ மெல்லியது. பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்கு இடையிலும் அதற்கு மேலும் இருக்கிறது. தண்ணீர் விழும் சத்தம் எல்லா அதிர்வெண்களிலும் பரவி இந்த மெல்லிய பகுதியை மூடிவிடுகிறது. அதனால்தான் குரல் கேட்கிறது, ஆனால் "பட்டு" என்றாரா "பத்து" என்றாரா என்று தெரிவதில்லை. வால்யூமை ஏற்றினால் உயிரின் வலுத்த ஒலியும் மெய்யின் மெல்லிய ஒலியும் சேர்ந்தே ஏறும். பேச்சின் மேல்பகுதியை முன்னுக்குக் கொண்டுவரும் ரேடியோதான் இதற்கு மருந்து.

ஆகவே தேட வேண்டியவை: ஒலியைச் சரிசெய்யும் வசதி, அதாவது பாஸைக் (தாழ்ந்த ஒலி) குறைத்து ட்ரெபிளைக் (உயர்ந்த ஒலி) கூட்ட தனித்தனிக் குமிழ்கள், குறைந்தபட்சம் பேச்சுக்கென்று ஒரு அமைப்பு. முன்பக்கம் பார்த்த ஸ்பீக்கர். மேலே பார்த்து ஒலிக்கும் ஸ்பீக்கரில் உயர்ந்த அதிர்வெண்கள் கூரைக்குப் போய்விடும், போதாததற்கு மாவும் தூசியும் நேராக அதில் விழும். ஸ்பீக்கரின் குறுக்களவு 7 அல்லது 8 சென்டிமீட்டர் இருந்தால் குரலுக்கு உடல் கிடைக்கும். 5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கீச்சுக்குரலாகிவிடும்.

வாட் எண்ணை அதிகம் நம்ப வேண்டாம். மின்திறன் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது சின்ன வித்தியாசம். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு மின்திறன் வேண்டும். 5 வாட்டா 10 வாட்டா என்று குழம்புவதைவிட ரேடியோவை அரை மீட்டர் அருகே நகர்த்துவது மேல்.

ஸ்டீரியோவுக்காகவும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். சின்னப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு கை அகலத்தில் இருக்கும்போது வித்தியாசம் கேட்காது. அதோடு, அலை சுமாராக இருக்கும்போது எஃப்.எம். ஸ்டீரியோவில் "உஸ்" என்ற இரைச்சல், இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும் மோனோவைவிட மிக அதிகம். மோனோவுக்கு மாற்றும் வசதி இருந்தால் அந்த இரைச்சல் அப்படியே அடங்குவதைக் கேட்கலாம். எனக்கு ஸ்டீரியோவைவிட அந்த ஒரு பொத்தான் முக்கியம்.

சத்தத்துக்கு நடுவே கேட்பதற்கு நேர் எதிரான சோதனை ஒன்றும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வால்யூமை ஆகக் குறைவாக வையுங்கள். விடியற்காலையில் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது முதல் ஆளாக எழுந்து சமையலறைக்கு வருகிறவருக்கு இதுதான் தேவை. படிப்படியாக ஏறும் டிஜிட்டல் வால்யூம் உள்ள சில ரேடியோக்களில் ஒன்றாம் எண்ணே அடுத்த அறைக்குக் கேட்கும், பூஜ்யத்தில் வைத்தால் ஒன்றும் கேட்காது. நடுவில் வழியே இல்லை. கூடவே, போட்டதும் கூவுகிற வரவேற்பு இசை உண்டா, அதை அணைக்க முடியுமா என்றும் பாருங்கள்.

படி 4: ஈரக் கையால் இயக்க முடிகிறதா?

என் இரண்டாவது ரேடியோவின் முகப்பு முழுவதும் வழவழப்பான தொடுதிரை. பார்க்க அவ்வளவு அழகு. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது: ஈர விரலால் தொட்டால் எதுவும் நடக்காது, தொடாமலே ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஸ்டேஷன் மாறிவிடும். இத்தகைய திரைகள் விரலின் மின்தேக்குத் தன்மையை உணர்ந்து வேலை செய்கின்றன. தண்ணீரும் அதே மாதிரிதான் அவற்றுக்குத் தெரிகிறது. மாவு ஒட்டிய கையோடு மூன்றுமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, நான்காம் முறை கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து வால்யூமைக் குறைத்த நாட்கள் நிறைய.

சமையலறைக்கு வேண்டியது பெரிய குமிழ். வால்யூமுக்கு ஒன்று, முடிந்தால் ஸ்டேஷனுக்கு ஒன்று. ஓரம் வரிவரியாக இருக்க வேண்டும், ஈர விரல் வழுக்காது. வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: கையை மடக்கி, விரல் மூட்டால் அல்லது மணிக்கட்டால் வால்யூமைக் குறைக்க முடிகிறதா? முடிந்தால் அது சமையலறை ரேடியோ. போன் வந்தாலோ கூடத்திலிருந்து யாராவது கூப்பிட்டாலோ ஒரே தட்டில் ஒலி அடங்க வேண்டும். அதற்கு ஆன் - ஆஃப் பொத்தான் பெரிதாக, தனியாக இருக்க வேண்டும்.

அடுத்து, பிடித்த ஸ்டேஷனைச் சேமித்துவைக்கும் பொத்தான்கள். முப்பது ஸ்டேஷன் நினைவில் வைக்கும் ரேடியோவில் அவற்றை எடுக்க மெனுவுக்குள் நுழைய வேண்டும் என்றால் அந்த முப்பதும் வீண். நேராக அழுத்தும் மூன்று பொத்தான் போதும். வீட்டில் கண்பார்வை மங்கிய பெரியவர் இருந்தால் இது வசதி என்பதைத் தாண்டி அவசியம். அவர் பொத்தானைத் தடவியே கண்டுபிடிக்க முடிகிறதா என்று அவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சமையலறைக்கென்றே வரும் சில ரேடியோக்களில் நிமிடம் எண்ணும் டைமர் இருக்கும். நல்ல வசதி, ஆனால் குமிழைத் திருப்பி நேரம் வைக்க முடிந்தால் மட்டும். நான்கு முறை மெனுவை அழுத்த வேண்டுமென்றால் யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

படி 5: மின்சாரமா, பேட்டரியா?

இரண்டும் உள்ளதாக வாங்குங்கள். ஒரே இடத்தில் நிரந்தரமாக இருக்கப்போகிறது என்றால் பெரும்பாலான நேரம் மின்சாரத்தில் ஓடட்டும். மின்வெட்டிலும் புயல் நாளிலும் பேட்டரி வேண்டும். வைஃபையும் செல்போன் கோபுரமும் சேர்ந்து போகும் நேரத்தில் தகவல் கிடைக்கும் ஒரே வழியாக அந்தச் சின்ன எஃப்.எம். ரேடியோ இருக்கலாம். அதற்குச் சாதாரண பேட்டரி போடுகிற வகை நல்லது, எங்கும் கிடைக்கும். ஆனால் அதைப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். அல்கலைன் பேட்டரி உள்ளேயே கிடந்தால் ஒழுகி, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூக்கும். பூத்துவிட்டால் பேட்டரியை எடுத்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் சில சொட்டு வினிகர் தொட்டு மெல்லத் துடையுங்கள். ஒழுகியது காரம், வினிகர் அமிலம், அதனால் அடங்கிவிடும். அப்புறம் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். மின்வெட்டுக்கான பேட்டரியை ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்திருப்பது இன்னும் நல்லது.

உள்ளேயே சார்ஜ் ஆகும் லித்தியம் பேட்டரி என்றால், கழற்றி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சில வருடங்களில் அது தளர்ந்துவிடும், மாற்ற முடியாவிட்டால் ரேடியோவும் அதோடு போய்விடும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு, அடுப்புக்குப் பக்கத்தில் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். டி.ஏ.பி.யும் வைஃபையும் எஃப்.எம்.மைவிடப் பேட்டரியை வேகமாகக் குடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் மணி நேரம் பெரும்பாலும் குறைந்த வால்யூமுக்கான கணக்கு.

மின்கம்பியை அடுப்புக்கு மேலாகவோ சிங்க்கைத் தாண்டியோ கொண்டுபோகவே கூடாது. பிளக் பாயிண்ட்டுக்குப் போகும் முன் கம்பி ஒருமுறை கீழே தொங்கி, அப்புறம் மேலே ஏறும்படி விடுங்கள். கம்பி வழியே தண்ணீர் வழிந்தாலும் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

படி 6: ஆவியும் எண்ணெயும்

தண்ணீர் தாங்கும் அளவை ஐ.பி. என்ற குறியீட்டில் சொல்வார்கள். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். நடுவில் இருக்கும் எக்ஸ், தூசிக்கான எண் கொடுக்கப்படவில்லை என்று காட்டுகிறது. சிங்க்குக்கு அருகில் வைப்பவருக்கு 4 போதும், தள்ளி வைப்பவருக்கு இந்தக் குறியீடு இல்லாமலும் ஓடும். ஆனால் இந்த எண்கள் எண்ணெய்ப் புகையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை, சமையலறை ரேடியோக்களை மெல்ல மெல்லக் கொல்வது அதுதான். காற்றில் மிதக்கும் எண்ணெய் குளிர்ந்த பரப்புகளில் படிகிறது, அதில் தூசி ஒட்டுகிறது, வால்யூம் குமிழின் அடியில் நுழைகிறது. ஒருநாள் குமிழைத் திருப்பினால் "கர்... கர்" என்று கேட்கும்.

எனவே ஸ்பீக்கருக்கு மேல் துணி உறை உள்ளதை விட்டுவிடுங்கள். எண்ணெய் ஏறிய துணியைச் சுத்தம் செய்ய வழியில்லை. துளையிட்ட உலோகமோ பிளாஸ்டிக்கோ நல்லது. சந்துபொந்து குறைந்த, துடைக்கச் சுலபமான உடல். வெள்ளை நிறம் சில மாதங்களில் மஞ்சளாவதைப் பார்த்திருக்கிறேன், அடர்ந்த நிறம் எடுங்கள்.

படி 7: வீட்டில் பத்து நிமிடச் சோதனை

திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள். கடையின் அமைதியில் கேட்டு எதையும் முடிவுசெய்ய முடியாது. வந்த அன்றே, நீங்கள் முடிவுசெய்த அந்த இடத்தில் வைத்து, பேச்சு நிகழ்ச்சி ஒன்றைப் போடுங்கள். பாட்டு வேண்டாம். சாதாரணப் பேச்சுக்குப் பழகிய வால்யூமில் வைத்துவிட்டு முதலில் குழாயைத் திறங்கள். பிறகு எக்ஸாஸ்ட் ஃபேன். ஒரு நிமிடம் அடுப்புக்கு முன்னும் ஒரு நிமிடம் சிங்க்குக்கு முன்னும் நின்று, சொல்கிற எண்களும் பெயர்களும் புரிகின்றனவா என்று கவனியுங்கள். மிக்ஸி ஓடும்போது எந்த ரேடியோவும் கேட்காது, அதற்காகக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் மிக்ஸி நின்றதும் ஸ்டேஷன் அதே இடத்தில் இருக்கிறதா, கரகரப்பு தங்கிவிடுகிறதா என்று பாருங்கள்.

அலை சரியில்லையென்றால் உடனே திருப்பிக் கொடுக்காதீர்கள். எஃப்.எம். அலை சுவர்களில் பட்டுத் திரும்பி ஓரிடத்தில் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும், அரை மீட்டர், முக்கால் மீட்டர் தள்ளி வலுப்பெற்று நிற்கும். மேடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாருங்கள். ஏரியலைச் சாய்த்துப் பாருங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது தெளிவாகவும் விலகியதும் கரகரப்பாகவும் இருந்தால் உங்கள் உடலே ஏரியலுக்கு உதவுகிறது என்று பொருள். அலை விளிம்பில் இருக்கிறது, இன்னும் நல்ல இடம் தேட வேண்டும்.

கடைசியாகச் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். பழைய ஸ்டேஷனும் பழைய வால்யூமும் அப்படியே வர வேண்டும். மின்வெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஸ்டேஷன் தேடச் சொல்லும் ரேடியோ தினசரி வாழ்க்கைக்கு உதவாது.

போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு?

நியாயமான கேள்வி. குரலுக்குப் பதில் சொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கரின் பலம் கையே தேவையில்லை என்பது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது கத்திச் சொல்ல வேண்டியிருக்கும், இணையம் போனால் வாய் மூடிவிடும், அறையில் எப்போதும் ஒரு மைக் திறந்திருப்பது சிலருக்குப் பிடிக்காது. போனில் கேட்டால் நடுவில் அழைப்பு வரும், செய்தி வரும், எண்ணெய்க் கையால் அதைத் தொட வேண்டிவரும். ரேடியோவில் ஒரு குமிழைத் திருப்பினால் குரல் வருகிறது, வேறெதுவும் வருவதில்லை. என் சமையலறையில் போனை வெளியே வைத்துவிட்டு வருவதற்கு இதுவே காரணம்.

வாங்கிய பிறகு

வாரம் ஒருமுறை துடையுங்கள். முதலில் அணைத்து, பிளக்கை எடுங்கள். துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் துடைத்தால் எண்ணெய்ப் படலம் போய்விடும். ரேடியோவின் மேல் நேராக எதையும் தெளிக்காதீர்கள், ஸ்பீக்கர் துளை வழியே உள்ளே இறங்கும். துளைகளுக்குக் காய்ந்த பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். வால்யூம் குமிழ் கரகரக்கத் தொடங்கினால், ரேடியோவை அணைத்துவிட்டு குமிழை இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை இருபது முப்பது தடவை திருப்புங்கள், பல நேரம் அதிலேயே சரியாகும். ஆகாவிட்டால் பழுது பார்ப்பவரிடம் கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் திரவம்) அடித்துத் தரச் சொல்லலாம், சில நிமிட வேலை. ஏரியலைத் துடைக்கும்போது அதைப் பிடித்து ரேடியோவைத் தூக்க வேண்டாம். அடிப்பக்கத்து ஆணி தளர்ந்துவிட்டால் அது நினைத்த திசையில் நிற்காது.